இரண்டு தட்டு என்றால் தேநீர்

ஜூன் 4

மேல்வீட்டு அம்மாவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மகன் வீட்டுக்கு வந்து இன்றோடு எழுபத்தொன்பது நாள் ஆகிறது. எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். மருமகள் வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறாள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. கிளம்பும்போது உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் சாவியைக் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அது மரியாதை இல்லை என்று தெரியும்.

ஒரு கேள்வி கேட்கத்தான் எழுதுகிறேன். தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். இரண்டு முறை உங்கள் எண்ணைப் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்கு முன்னால் வைத்துவிட்டேன்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி நான் வீட்டை விட்டுக் கிளம்பியபோது ஒன்பது பத்து. என் மனைவியின் பரிசோதனை முடிவை வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். ஒரு கையெழுத்துக்காக மூன்று மாடி ஏறி இறங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது ஐந்து இருபத்தைந்து. அவள் படுக்கையறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் கிடந்தாள். விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்து உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்திருக்கிறது. பத்து மணி வாக்கில் விழுந்திருக்க வேண்டும், இரண்டு மணி வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். முப்பத்தோரு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். நான்கு மணி நேரம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

தொலைபேசி ஹாலில் இருந்தது, அவளால் அங்கே போக முடியவில்லை. ஆனால் ஒட்டடைக் கம்பு அவள் மேல் குறுக்காகக் கிடந்தது. வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பாவம், ஒட்டடை அடிக்கும்போது விழுந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் கம்பு ஏன் எப்போதும் கட்டிலோரமாகச் சாத்தியே இருக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்த அறைக்கு நேர் மேலே உங்கள் தையல் அறை.

அவள் தட்டினாளா?

பதில் போடுங்கள்.

கீழ்வீட்டுக்காரர்


ஜூன் 18

சாருக்கு வணக்கம்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உறையைப் பிரிக்காமலே ஒரு நாள் முழுக்க மெஷின் மேல் வைத்திருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு ஓர் ஓட்டலின் சிப்பந்திகளுக்கு அறுபது சட்டை ஓரம் அடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. காலையிலிருந்து மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அது போடும் சத்தம் உங்களுக்குத் தெரியாததா? அதைக் கேட்டுத்தானே அக்கா எனக்கே 'மோட்டார்' என்று பெயர் வைத்தார்கள்.

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று எழுத ஆசைதான். லிஃப்ட் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது. தரைத்தளத்துக் கறிக்கடைக்காரரும் இரண்டாம் மாடி வயலின் வாத்தியாரும் மறுபடியும் பேச்சுவார்த்தை இல்லை. எலியும் பூனையுமாக இருந்த இரண்டு பேரையும் ஒரே பேப்பரை வாங்கிச் சேர்ந்து படிக்க வைத்தது அக்காதான். வாத்தியாருக்குக் கண் மங்கல், கடைக்காரர் படித்துக் காட்டுவார். பதிலுக்கு அவர் மகளுக்கு வாத்தியார் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். இருபத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்கள் இல்லையா, இந்தக் கட்டடத்திலும் அக்கா லைன் போட்டுக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். இப்போது எல்லா லைனும் கட்.

எனக்கும் அப்படித்தான் லைன் கிடைத்தது. என் வாய்க்குப் பயந்து யாரும் என்னோடு பேசாத காலம் அது. வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன ஆத்திரத்தைப் படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்கள் மேலெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து 'டொக்' என்று ஒரு தட்டு வந்தது. சண்டை போடத்தான் இறங்கி வந்தேன். அக்கா கதவைத் திறந்து, "நின்னுக்கிட்டே சண்டை போட்டா கால் வலிக்கும். உக்காந்து போடு, டீ தரேன்" என்றார்கள். அன்றைக்குப் போட்ட ஒப்பந்தம்தான் அது. ஒரு தட்டு என்றால் தலைவலி, மெஷினை நிறுத்து. இரண்டு தட்டு என்றால் தேநீர் தயார், கீழே வா. நான் பதிலுக்குத் தரையில் இரண்டு மிதி மிதித்தால் வருகிறேன் என்று அர்த்தம். ஏழு வருடம் அது ஒரு நாளும் தவறியதில்லை.

சாவு வீட்டில் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கும் மனக்குறை இருக்கிறது, சொல்லட்டுமா? நான் உங்களிடம் படிக்கட்டில் சொன்னதை என் பெயரோடு சேர்த்து அக்காவிடம் சொல்லியிருக்கத்தான் வேண்டுமா?

மோட்டார்


ஜூலை 2

மேல்வீட்டு அம்மாவுக்கு,

உங்கள் மனக்குறை நியாயமானது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

மார்ச் ஒன்பதாம் தேதி மாலை ஆறரைக்கு நீங்கள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி உங்கள் அளவு நோட்டைக் காட்டினீர்கள். அவளுடைய இடுப்பு செப்டம்பரில் முப்பத்து நான்கு அங்குலம், டிசம்பரில் முப்பத்திரண்டு, பிப்ரவரி கடைசியில் இருபத்தொன்பதரை. பாவாடை, சட்டை எல்லாவற்றையும் உங்களிடம் கொடுத்து, எனக்குத் தெரியாமல் பிடித்துத் தைத்து வாங்கியிருக்கிறாள். நான் அவளோடு ஒரே வீட்டில் இருந்தேன். எல்லாத் துணியும் அவளுக்குப் பொருந்தித்தான் இருந்தது. எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று வாசலில் நின்றே சொல்கிறவன், மனைவி நாலரை அங்குலம் குறைந்ததைக் கவனிக்கவில்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டாள். நானாகத்தான் கவனித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் செய்தேன். அவள் சிரித்தாள். "நீங்களா? என் முகத்தைப் பார்த்தே நாலு வருஷம் ஆச்சு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தில் உங்கள் பெயரைப் போட்டு உடைத்துவிட்டேன். மறுநாள் காலை அவள் மேலே வந்து உங்களைக் கேட்டிருப்பாள். என்ன கேட்டாள் என்று என்னிடம் சொல்லவில்லை. பதினோராம் தேதி உங்கள் இருவரின் தேநீர் நேரத்தில் கம்பு சாத்திய இடத்திலேயே இருந்ததைப் பார்த்தேன். சண்டை என்று புரிந்துகொண்டேன். அதை மூட்டியவன் நான்.

என் பங்கை எழுதிவிட்டேன்.

இனி உங்கள் பங்கு. மோட்டார் ஓடினால் கேட்காது என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் எங்கள் வீட்டு முக்காலியில் உட்கார்ந்து, கையில் தேநீரோடு நீங்கள் சொன்னது என் நினைவில் இருக்கிறது. அவள் தட்டுவது உங்களுக்குக் காதில் கேட்காது, செருப்பில்லாமல் பெடலில் வைத்திருக்கும் பாதத்துக்குத் தெரியும் என்றீர்கள். அவள் உடனே, இவளுக்குக் காது கீழே இருக்கிறது என்று கேலி செய்தாள்.

நான் உங்களைக் குற்றம் சாட்டவில்லை. எனக்குத் தெரிய வேண்டும். எத்தனை தடவை, எத்தனை மணிக்கு?

கீழ்வீட்டுக்காரர்


ஜூலை 20

சார்,

அக்கா பத்தாம் தேதி காலையில் வந்தார்கள். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. வாசலிலேயே நின்று, "உன்னை நம்பித்தானே அளவு குடுத்தேன். அவர்கிட்ட மட்டும் சொல்லாதேன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்? இனிமே அவர் என்னையும் பஸ் மாதிரி டைம் எழுத ஆரம்பிச்சிடுவார்" என்றார்கள். எனக்கும் வாய் சும்மா இருக்குமா? நல்லதுக்குச் சொன்னதுக்கு இதுதான் பரிசா, இனி உங்கள் துணியை வேறு இடத்தில் கொடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் தேநீரும் வேண்டாம், நீங்களும் வேண்டாம் என்றேன். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்கள். அவ்வளவு மெலிந்த முதுகைப் பார்த்த பிறகும் நான் கதவைச் சாத்தினேன்.

பதினோராம் தேதி தட்டு வரவில்லை. நானும் வீம்பாக இருந்தேன்.

பன்னிரண்டாம் தேதி வந்தது.

மணி பத்தேகாலுக்கு மேல் இருக்கும். பாதத்தில் இரண்டு தட்டு. மெஷினை நிறுத்தினேன். வழக்கமாக உடனே இரண்டு மிதி மிதிப்பேன் இல்லையா, காலைத் தூக்கிவிட்டேன். தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தேன். தேநீருக்குக் கூப்பிடுகிறார்கள், சமாதானத்துக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கூப்பிட்டவுடன் ஓடிப் போக நான் என்ன நாய்க்குட்டியா, இரண்டு நாள் நான் அழுததற்கு யார் பதில் சொல்வது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இரண்டு தட்டு. அப்புறம் மறுபடியும். இரண்டு இரண்டாக நான்கு தடவை சார்.

இதற்கு மேல் எழுதப் போவதை நீங்கள் படிக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவை தட்டும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னை விட்டு அக்காவால் இருக்க முடியவில்லை என்று சந்தோஷம். என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதில்லை. தாலி கட்டியவர்கூடப் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா கூப்பிடட்டும், இன்னும் கூப்பிடட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயந்தரம் உங்கள் சத்தம் கேட்டது. அப்போதுதான் புரிந்தது.

நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. எனக்கு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.


செப்டம்பர் 8

தங்கச்சிக்கு,

ஏழு வாரம் பதில் போடவில்லை. முதல் மூன்று வாரம் உங்களுக்கு எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். அதில் இருந்த வார்த்தைகளை ஒரு பெண்ணுக்கு எழுதக் கூடாது. பேரனின் பள்ளிக்கூட வேனுக்காகத் தெருமுனையில் நிற்கும்போதுகூட உங்களோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வேன் வந்து போனதைக் கவனிக்காமல் நின்றிருக்கிறேன். என் வேலைக் காலத்தில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

பிறகு ஒன்று தோன்றியது. அதைத்தான் எழுதுகிறேன்.

இத்தனை மாதமாக என்னைக் கொன்றுகொண்டிருந்தது அவள் செத்தது இல்லை. அவளுக்கு நோய் முற்றியிருந்தது என்று அன்றைக்கு நான் வாங்கி வந்த காகிதத்திலேயே இருந்தது. எப்படியும் கொஞ்ச நாள்தானே என்று இங்கே ஒருவர் ஆறுதல் சொன்னார், அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். என்னைக் கொன்றது வேறு. யாருக்கும் கேட்கவில்லை, யாரும் இல்லாத கட்டடத்தில் கிடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அவள் நான்கு மணி நேரம் கிடந்திருப்பாளே என்பதுதான். டெலிபோனில் மறுமுனையில் ஆள் எடுக்காவிட்டால் அவளுக்குத் தாங்காது. வேலையை விட்ட பிறகும், வீட்டில் மணி அடித்தால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

நீங்கள் மெஷினை நிறுத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அந்த அறையில் படுத்திருக்கிறவர்களுக்கு உங்கள் மோட்டார் நிற்பது எப்படித் தெரியும் தெரியுமா? விட்டத்திலிருந்து கட்டில் கால் வரை ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும், அது சட்டென்று அடங்கும். அடங்கியதும் அவள் "வர்றா" என்பாள். உங்கள் மிதிகூட வேண்டாம் அவளுக்கு, அது அடங்கினாலே போதும். அப்படியானால் அன்றைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்கும். மேலே கேட்டுவிட்டது, நீங்கள் இறங்கி வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று படிக்கட்டில் காதை வைத்துக்கொண்டே போயிருப்பாள். நீங்கள் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு அவள் சாகவில்லை.

இதை நீங்கள்தான் எனக்குக் கொடுத்தீர்கள். அதனால் கோபத்தை விட்டுவிட்டேன்.

அங்கே நம் வீட்டை விற்றுவிடலாம் என்று மகன் ஆள் பார்த்து வைத்திருந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்டோபர் முதல் வாரம் வந்துவிடுகிறேன். சமையல் எனக்கு அரைகுறை. தேநீர் மட்டும் போடத் தெரியும், அவள் போட்டதுபோல இருக்காது.

அண்ணன்


செப்டம்பர் 21

அண்ணனுக்கு,

முதல்முறை இப்படி எழுதுகிறேன். ஒரே முறையாகவும் இருக்கலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு தரைத்தளத்துக்குப் போய், நீங்கள் வரப் போவதைக் கறிக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் அதைச் சொல்வதற்கென்றே இரண்டாம் மாடி ஏறி வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினார். நாலு மாதம் கழித்து இரண்டு பேரும் பேசினார்கள். எல்லாம் கூடி வருகிறது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

பத்து நாள் மூடிக்கொண்டு பார்த்தேன். முடியவில்லை.

நான் உங்களுக்குப் பாதிதான் எழுதினேன். நான்காவது தடவை தட்டிய பிறகு எனக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது. இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று தோன்றியது. பாதத்தைப் பெடலில் வைத்து அடிவரைக்கும் அழுத்தினேன். தைப்பதற்குத் துணிகூட வைக்கவில்லை அண்ணா. வெறும் மெஷினை ஓட்டினேன். கீழே கேட்க வேண்டும், நான் வரவில்லை என்று தெரிய வேண்டும் என்றே ஓட்டினேன்.

அது ஓடும்போது மறுபடியும் இரண்டு தட்டு வந்தது. லேசாக இருந்தது. அதற்கு அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரே ஒரு தட்டு.

ஒரு தட்டு என்றால் மெஷினை நிறுத்து என்றுதானே அர்த்தம். ஓகோ, நான் இறங்கி வரவில்லை என்றதும் அதிகாரமாக்கும் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. மிச்சம் இருந்த சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு மதியம் வரை தைத்தேன். இரண்டாவது தட்டுக்கு அக்காவுக்குக் கையில் தெம்பு இல்லை என்று இப்போது தெரிகிறது.

ஆகவே அக்காவுக்குத் தெரியும். ஆள் இருக்கிறது, கேட்டுவிட்டது, வரவில்லை என்று தெரிந்துதான் போயிருக்கிறார்கள்.

இதை எழுதாமல் விட்டிருந்தால் நீங்கள் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் நீங்கள் என்னை உட்கார வைத்து, உன்னால்தான் அவள் தனியாகச் சாகவில்லை என்று ஒவ்வொரு நாளும் நன்றி சொல்வீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு உங்கள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட என்னால் குடிக்க முடியாது.

நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு வாருங்கள், அல்லது தெரிந்துகொண்டு வராமல் இருங்கள்.


செப்டம்பர் 28

கடிதம் கிடைத்தது. வீட்டை விற்கச் சொல்லிவிட்டேன். இனி எழுத வேண்டாம்.


நவம்பர் 16

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடுகிறேன். பதில் தேவையில்லை.

உங்கள் மகன் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கணவன் மனைவியை அழைத்து வந்து வீட்டைக் காட்டினார். சாயலில் அக்காவையே உரித்து வைத்திருக்கிறார், படிக்கட்டில் பார்த்ததும் திடுக்கிட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படி என்று கேட்க என்னையும் கூப்பிட்டார்கள். வாசலோடு நின்றுவிட்டேன். அன்றைக்குப் பிறகு நான் உள்ளே போனதில்லை. அந்தப் பெண்ணுக்குப் படுக்கையறை ரொம்பப் பிடித்திருந்தது. மேலேயிருந்து ஏதாவது சத்தம் வருமா என்று கேட்டாள். தையல் மெஷின், இனி அதை வேறு அறைக்கு மாற்றிவிடுவேன் என்று சொன்னேன். மாற்றியும் விட்டேன்.

அலமாரியைக் காலி செய்யும்போது அக்காவின் துணிகளை என்ன செய்வது என்று மகன் என்னிடம் கேட்டார். எல்லாம் சின்ன அளவு, யாருக்கும் ஆகாது என்றார். பிரித்துவிட்டால் பழைய அளவுக்கு வரும், உள்ளே துணி விட்டுத்தான் பிடித்திருக்கிறேன் என்றேன். அக்கா தேறி உடம்பு வைப்பார்கள் என்று நினைத்துத்தான் ஒன்றைக்கூட வெட்டாமல் மடித்துத் தைத்தேன். அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. அப்பாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வாங்குகிறவர்கள் நல்ல மாதிரியாகத் தெரிகிறார்கள். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.


டிசம்பர் 5

தங்கச்சிக்கு,

மகன் நேற்று விற்பனைப் பத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். பேனாவைத் திறந்து கையில் கொடுத்தான். நான் மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு என் மேல் வருத்தம். நாக்குப் புரளும் மனுஷன் என்று வாங்க வந்தவர்களிடம் கெட்ட பெயர் வேறு.

காரணம் சொல்கிறேன். இந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். என் மனம் நோகக் கூடாது என்று யாரும் அவள் பேச்சையே எடுப்பதில்லை. ஹாலில் இருந்த படத்தைக்கூட என் கண்ணில் படாதபடி உள்ளே மாட்டிவிட்டார்கள். போன மாதம் சாப்பிடும்போது, அவளாக இருந்தால் இதில் உப்பு ஒரு கல் குறைத்துப் போட்டிருப்பாள் என்று சொல்லிவிட்டேன். பேச்சை ஆரம்பிக்கத்தான் சொன்னேன். மருமகள் கண் கலங்கி எழுந்து போய்விட்டாள். மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தான். அன்றைக்குச் சாயந்தரம் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் அவளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அக்கறையாகத்தான் கேட்டார். ஆறு நிமிடம் ஆகியிருக்கும், அவருடைய பஸ் வந்துவிட்டது. பஸ் சரியான நேரத்துக்கு வந்ததற்காக நான் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

துணிகளை நீங்கள் வெட்டவில்லை என்பதை மகன் ஏதோ தையல் சமாச்சாரம் என்று சொன்னான். எனக்குப் புரிந்தது. அவள் தேறிவிடுவாள் என்று நம்பியது நாம் இரண்டு பேர்தான். அவளேகூட நம்பவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். முயன்று பார்த்தேன். காலையில் முடிகிறது. சாயந்தரமும் முடிகிறது. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை முடிவதில்லை. அந்த நேரத்தில் நீங்கள் என் கண்ணில் பட வேண்டாம். மற்ற நேரத்தில் வரலாம். அவள் உங்களிடம் சொல்லி என்னிடம் சொல்லாதது நிறைய இருக்கும். அதையெல்லாம் எனக்குச் சொல்லுங்கள். என்னைப் பற்றிக் குறையாகச் சொன்னதையும் விடாமல் சொல்லுங்கள். அவளைத் தெரிந்த ஆள் எனக்கு வேண்டும், உங்களை விட்டால் வேறு யாரும் இல்லை. நான் வருவதற்கு இது ஒன்றுதான் காரணம், வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வியாழக்கிழமை காலை ஏழு நாற்பது ரயிலில் வருகிறேன். செயலாளரிடம் சாவி வாங்கிச் சன்னல்களைத் திறந்து வையுங்கள், வீடு அடைத்துக் கிடந்த வாடை அடிக்கும். அப்படியே அந்த அறைக்குள் ஒரு தடவை போய் நின்று, அழ வேண்டியதைத் தனியாக அழுது முடித்துவிடுங்கள். நானும் இங்கேயே முடிந்தவரை அழுதுவிட்டு வருகிறேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தால், தேற்றுவதற்கு அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.

அண்ணன்